பந்திக்கு எழுதிய கடிதம்

கொரிந்து நகரில் காயு என்பவருடைய வீடு. கி.பி. 57ஐ ஒட்டிய குளிர்காலம். பவுல் சொல்லச் சொல்ல, தெர்தியு என்ற எழுத்தர் பாப்பிரஸ் தாளில் எழுதிக்கொண்டு போகிறார். ஒரே நாளில் முடிந்த வேலையாக இருக்க முடியாது. அந்தக் காலத்துச் சாதாரணக் கடிதம் ஒரு தாளுக்குள் அடங்கிவிடும்: நலம் விசாரிப்பு, கொடுக்கல் வாங்கல், ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். இதுவோ கிரேக்கத்தில் ஏறக்குறைய 7,100 சொற்கள். எழுதி எழுதிக் கை அலுத்துப்போன தெர்தியு, கடைசியில் தம் பங்குக்கும் ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார். அவர் பெயருக்கு மூன்றாமவன் என்று பொருள். சற்றுத் தள்ளி வாழ்த்துச் சொல்லும் குவர்த்து, நான்காமவன். ரோமப் பேரரசில் அடிமைகளுக்கு எண்ணையே பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. இவர்கள் இருவருக்கும் நடுவில், நகரக் கருவூலம் பார்த்த ஏரஸ்து என்ற அதிகாரியும் தம் வாழ்த்தை அனுப்புகிறார். யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்று அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதுதான் ரோமர் நிருபம். கத்தோலிக்கர் வழக்கில், உரோமையருக்கு எழுதிய திருமுகம். கிறிஸ்தவம் பேசும் இரட்சிப்பு என்ன, அது யாருக்கு, எப்படிக் கிடைக்கிறது என்பதை இவ்வளவு விரிவாக, வரிசையாக எடுத்துச் சொன்ன ஆதி ஆவணம் வேறு இல்லை. அதனாலேயே இதை ஓர் இறையியல் நூலாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் பவுல் நூல் எழுத உட்காரவில்லை. அவருக்குச் சில காரியங்கள் ஆக வேண்டியிருந்தன.

ஸ்பெயினுக்குப் போக வேண்டும், வழியில் ரோமச் சபை கைகொடுத்து அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்கு முன் மக்கெதோனியாவிலும் கிரேக்க நாட்டிலும் திரட்டிய நன்கொடையை எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும்; அங்கே உயிருக்கே ஆபத்து வரலாம், ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நெருடலானது. ரோமாபுரியில் விசுவாசிகள் சேர்ந்து சாப்பிடுவதில் தகராறு.

தகராறின் வேர் அரசியலில் இருந்தது. கி.பி. 49 வாக்கில் பேரரசர் கிளவுதியு யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றினார். இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்களும் அதில் அடக்கம். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி கொரிந்துக்கு வந்து பவுலோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தது அப்படித்தான். அவர்கள் இல்லாத ஐந்தாறு வருஷத்தில் ரோமச் சபை பெரும்பாலும் யூதரல்லாதவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். 54இல் கிளவுதியு இறந்த பிறகு யூதர்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள் பார்த்தது வேறொரு சபை. இவர்களில் சிலர் ஓய்வுநாள் பார்த்தார்கள், சந்தைக் கறி தீட்டு என்று காய்கறியோடு நிறுத்திக்கொண்டார்கள். யூதரல்லாதவர்களோ எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள், இவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர்கள் பதிலுக்கு அவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்தார்கள். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் சமைத்ததை யார் தொடுவது என்ற பிரச்சினையைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பந்தித் தகராறுக்கு வந்து சேர பவுல் எடுத்துக்கொள்ளும் வழி நீண்டது. முதலில் அவர் எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். சிலை வணங்குகிறவர்களின் ஒழுக்கக்கேட்டை அவர் அடுக்கும்போது பக்திமான்கள் தலையாட்டியிருப்பார்கள். ஆட்டி முடிப்பதற்குள் அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். நியாயப்பிரமாணம் உன்னிடம் இருக்கிறது, நீ அதன்படி நடக்கிறாயா? ஆக, ஒருவரும் தேறவில்லை. தேவனுக்கு முன்னால் நிற்பதற்குக் குலமும் உதவாது, சடங்கும் உதவாது, நல்லவன் என்ற பெயரும் உதவாது.

மனிதனால் முடியாததைத் தேவனே செய்தார் என்பது அடுத்த பகுதி. இயேசுவின் மரணத்திலும் உயிர்த்தெழுதலிலும் மனிதரின் கணக்கு தீர்க்கப்பட்டது. அதை நம்பி ஏற்கிறவரைத் தேவன் நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார். இது கூலி கிடையாது. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது கடன். உழைக்காதவனுக்குக் கொடுப்பதுதான் ஈவு. இதற்குப் பவுல் காட்டும் சாட்சி, ஆபிரகாம். இங்கே அவர் ஒரு வக்கீலைப் போலத் தேதியைப் பிடிக்கிறார். ஆபிரகாமை நீதிமானாகத் தேவன் எண்ணியது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா? ஆதியாகமத்தைப் புரட்டினால் விடை தெளிவு: 15ஆம் அதிகாரத்தில் நீதிமான், 17ஆம் அதிகாரத்தில்தான் விருத்தசேதனம். அப்படியானால் அடையாளம் இல்லாதவர்களுக்கும் அவரே தகப்பன்.

இலவசமாகக் கிடைப்பதால் இஷ்டத்துக்கு வாழலாமா என்ற கேள்வியைப் பவுலே கேட்டு, கூடாது என்கிறார். ஞானஸ்நானத்தில் பழைய ஆள் செத்துவிட்டான், செத்தவன் பழைய எஜமானுக்கு எப்படி ஊழியம் செய்வான் என்பது அவர் வாதம். ஆனால் உடனே 7ஆம் அதிகாரத்தில், நன்மை செய்ய விரும்பியும் தீமையையே செய்துவிடும் மனிதனின் தவிப்பையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அது பவுலின் சொந்தக் கதையா, எல்லாருடைய கதையா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். படிக்கிறவர்கள் மட்டும் அது தங்கள் கதை என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இரட்சிப்பு என்றால் செத்த பிறகு ஆத்துமா பரலோகம் போவது என்று சுருக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கும் இந்தக் கடிதத்தில் இடமில்லை. இதில் இரட்சிப்பு மூன்று காலங்களிலும் ஓடுகிறது. நீதிமான்களாக ஏற்கப்பட்டது நடந்து முடிந்துவிட்டது. ஆவியானவரின் துணையோடு வாழ்க்கை மாறுவது நடந்துகொண்டிருக்கிறது. சரீரத்தின் மீட்பு வர வேண்டியிருக்கிறது. அதற்காக மனிதர் மட்டுமல்லாமல் படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறது 8ஆம் அதிகாரம். பாவத்திலிருந்து விடுதலை, மரணத்திலிருந்து விடுதலை, அழிவுக்கு அடிமைப்பட்ட இந்த உலகத்துக்கே விடுதலை.

அதன் பிறகு மூன்று அதிகாரங்கள் இஸ்ரவேலைப் பற்றி. ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளை, முறிக்கப்பட்ட கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசக் கூடாது என்று யூதரல்லாதவர்களுக்கு எச்சரிக்கை. இவ்வளவையும் கடந்துதான் 14ஆம் அதிகாரத்தில் காய்கறிக்கும் கறிக்கும் வருகிறார். விசுவாசத்தில் பலவீனனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுடைய சந்தேகங்களைக் கிளறிச் சண்டை போடாதீர்கள். உன் சாப்பாட்டினால் அவனைக் கெடுக்காதே, அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தார். கிறிஸ்து உங்களை ஏற்றுக்கொண்டது போல நீங்களும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 15ஆம் அதிகாரத்தில் முடிச்சுப் போடுகிறார். முதல் 11 அதிகாரங்களின் இறையியல் முழுவதும் இந்த முடிச்சுக்கு வந்து சேருகிறது என்பது என் வாசிப்பு. தகுதி பார்க்காமல் உள்ளே விடப்பட்டவனுக்கு, வாசலில் நின்று அடுத்தவன் தகுதியைப் பார்க்க என்ன உரிமை?

கடிதத்தை எடுத்துச் சென்றவர் ஒரு பெண். கொரிந்தின் கீழ்த்திசைத் துறைமுகமான கெங்கிரேயாச் சபையின் ஊழியக்காரி பெபேயாள். தமக்கும் பலருக்கும் ஆதரவாக இருந்தவர் என்று பவுல் அவரைப் பரிந்துரைக்கிறார். வசதியுள்ள பெண்ணாக இருக்க வேண்டும். அக்காலத்தில் கடிதம் கொண்டுபோகிறவர் நீட்டிவிட்டுத் திரும்பி வருவதில்லை. வாசிக்கும் இடத்தில் இருந்து, புரியாததைக் கேட்டால் விளக்கவும் வேண்டும். அப்படியானால் ரோமர் நிருபத்துக்கு முதலில் விளக்கம் சொன்னவர் பெபேயாளாக இருக்கலாம். கடைசி அதிகாரத்தில் பெயர் சொல்லி வாழ்த்தப்படுகிறவர்கள் இருபதுக்கு மேல். அவர்களில் பெண்கள் ஏராளம், அடிமைப் பெயர்கள் ஏராளம். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அதற்குள் ரோமாபுரிக்குத் திரும்பி, தங்கள் வீட்டிலேயே சபையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்று பவுல் சொல்லும் யூனியா ஒரு பெண். 4ஆம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் அதை வியந்து பாராட்டினார். பிற்காலத்து உரையாசிரியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் அது ஒப்பவில்லை. அவரை ஆணாக மாற்றிவைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிரேக்கப் பதிப்பில் அவர் மறுபடி பெண்ணானார்.

பவுல் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. எருசலேமில் கைதானார், கைதியாகவே ரோமாபுரி வந்தார். அப்பியு சந்தைவரை எதிர்கொண்டு வந்து வரவேற்ற சகோதரர்களைக் கண்டு அவர் தைரியமடைந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கடிதம் வேலை செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீரோ காலத்தில் ரோமாபுரியிலேயே கொல்லப்பட்டார் என்பது பழைய மரபு.

பெபேயாள் கொண்டுபோன மூலச் சுருள் எப்போதோ இற்றுப்போனது. கடிதம் படிகளாகப் பிழைத்தது. இன்று கையில் இருப்பதில் மிகப் பழையது, கி.பி. 200ஐ ஒட்டியது என்று கணிக்கப்படும் பாப்பிரஸ் ஏடு. எகிப்திலிருந்து கிடைத்தது, 1930களில் துண்டு துண்டாக விலைபோய், இப்போது 56 இதழ்கள் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்திலும் 30 இதழ்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. முன்பக்க இதழ்கள் போய்விட்டதால் அதில் ரோமர் நிருபம் 5ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது.

அது காலம் செய்த வேலை. மார்சியோன் செய்தது வேண்டுமென்றே செய்தது. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரிக்கு வந்த இந்தக் கப்பல் முதலாளி, பழைய ஏற்பாட்டின் தேவனும் இயேசுவின் பிதாவும் வேறு வேறு என்று போதித்தவர். 14ஆம் அதிகாரத்தின் முடிவோடு கடிதத்தை அவர் நறுக்கிவிட்டார் என்று ஓரிகன் எழுதியிருக்கிறார். யூதரும் புறஜாதியாரும் ஒரே குரலில் தேவனைத் துதிக்கட்டும் என்ற 15ஆம் அதிகாரம் அப்படியே போயிற்று.

386ஆம் ஆண்டு, மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் கடிதம் மறுபடி திறக்கப்படுகிறது. சொல்லணி ஆசிரியரான அகுஸ்தினார் தம்மோடு தாமே போராடி அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படி என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டதும், கையில் அகப்பட்ட நிருபத்தின் 13ஆம் அதிகாரக் கடைசி வசனங்களைப் படித்து மனந்திரும்பியதும் உலகறிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்திலிருந்த நண்பர் அலிப்பியு, நீ எதைப் படித்தாய், காட்டு என்கிறார். காட்டியதும் அதற்கு அடுத்த வசனத்தைத் தாம் படிக்கிறார். அது 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனம்: பலவீனனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எனக்குத்தான் என்று அலிப்பியு எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்தே போய் அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவிடம் சொன்னார்கள். வரலாறு அகுஸ்தினாரின் வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டது. அலிப்பியுவின் வசனத்தை அவர் பக்கத்திலேயே விட்டுவிட்டது.

அகுஸ்தினாருக்கு எதிர்த்தரப்பாக அமைந்த பெலாகியுவும் ரோமர் நிருபத்துக்கு உரை எழுதியவர், அதுவும் ரோமாபுரியிலேயே இருந்துகொண்டு. கட்டளை கொடுத்த தேவன் அதைச் செய்யும் ஆற்றலையும் கொடுத்திருப்பார், முயன்றால் முடியும் என்பது அவர் கட்சி. முயலும் விருப்பமே கிருபையால் வருவது என்பது அகுஸ்தினார் கட்சி. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது. கண்டித்தாலும் அது ஒழியவில்லை. மனிதனுக்குக் கூலிதான் புரிகிறது. ஈவு கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகள் தாண்டி, விட்டன்பெர்க். 1515 முதல் 1516 வரை மார்ட்டின் லூத்தர் மாணவர்களுக்கு ரோமர் நிருபம் நடத்துகிறார். வரிகளுக்கிடையே குறிப்பு எழுத வசதியாக, அகல இடைவெளி விட்டு மூலத்தை அச்சடித்து வைத்திருந்தார்கள். தேவனுடைய நீதி என்றாலே தண்டிக்கிற நீதி என்று நடுங்கிய துறவி அவர். எத்தனை நோன்பு, எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் போதவில்லை. தேவன் தம் நீதியை விசுவாசிக்கிறவனுக்குக் கொடுத்துவிடுகிறார் என்று 1ஆம் அதிகாரத்தின் 17ஆம் வசனம் அவருக்குத் திறந்தபோது, சொர்க்கத்துக்குள் நுழைந்தது போல இருந்தது என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 95 வாதங்களை எழுதியதற்கு அடியில் இந்த வாசிப்பு இருந்தது. அந்தச் சீட்டுப் பணத்தில் பாதி ரோமாபுரியின் தூய பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு. மறுபாதி, பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக வாங்கிய கடனை ஃபுக்கர் வங்கிக்கு அடைக்க. ஈவாக வந்ததற்கு விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

லூத்தரின் பாடக் குறிப்புகளுக்கு நேர்ந்தது வேடிக்கை. சீர்திருத்தத்தையே தொடங்கிவைத்த அந்தக் கையெழுத்துப்படி பெர்லின் அரச நூலகத்திலேயே இருந்தும் அறிஞர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வத்திக்கானில் கிடைத்த ஒரு நகல்தான் முதலில் அவர்களைத் தூண்டியது. 1908இல்தான் யோகன்னஸ் ஃபிக்கர் அதைப் பதிப்பித்தார்.

1522இல் லூத்தர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் நிருபத்துக்கு ஒரு முன்னுரை எழுதினார். பிறகு அந்த முன்னுரையும் தனியே பயணப்பட்டது. 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போன ஆங்கிலிக்கன் குருவானவர் ஜான் வெஸ்லி, யாரோ அதை வாசிக்கக் கேட்டார். ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்குத் தம் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மெதடிஸ்டு சபைகள் அந்த இரவைத்தான் இன்றும் கொண்டாடுகின்றன.

அதற்குள் கடிதம் தமிழுக்கு வந்துவிட்டிருந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தொலொமேயு சீகன்பால்கு, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கினார். தொடங்கிய அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நான்கு மாதம் உள்ளே. வெளியே வந்து, 1711 மார்ச்சில் வேலையை முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தோடு புறப்பட்ட கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பணம் கொடுத்து மீட்ட பிறகு, கூட வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். சுவிசேஷங்களும் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. ரோமர் தொடங்கி மீதி நிருபங்கள் 1715இல். அச்சேறிய முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இதுதான்.

தமிழில் வந்துவிட்டது, பந்தி வரை வந்ததா? 1718இல் கட்டப்பட்ட தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்தில் விசுவாசிகள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் என்ற வேளாளர், முதல் இந்தியப் புராட்டஸ்டண்டு குருவாக அபிஷேகம் பெற்றார். தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்துவிட்டு உபதேசியாரான ராஜநாயக்கனும் ஊழியத்தில் அவருக்குக் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் பறையர். அவர் கையிலிருந்து மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். ரோமர் நிருபத்தைக் கரைத்துக் குடித்த லூத்தரின் வழிவந்தவர்கள்தான் இவர்கள். ஈவு எது, கூலி எது என்பதில் அவர்களுக்குத் துளியும் குழப்பமில்லை. அப்பமும் கிண்ணமும் வரும்போது மட்டும் 14, 15ஆம் அதிகாரங்கள் கண்ணில் படவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்து, 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே முற்றாக ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய மிஷனெரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்தவக் கீர்த்தனைகளால் இன்றும் வாழும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், 1820களிலேயே இதை எதிர்த்து எழுதியிருந்தார். சாதி உலக வழக்கம், விசுவாசத்துக்கு அதோடு சம்பந்தமில்லை, பழைய ஐயர்மார் அதைப் பொறுத்துக்கொண்டார்களே என்பது அவர் தரப்பு. வெள்ளைக்காரர்களும் தங்களுக்குள் தராதரம் பார்க்கிறவர்கள்தானே என்று அந்தத் தரப்பில் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. பவுலின் ரோமாபுரியிலும் அது உலக வழக்கம்தான். அதற்குத்தான் அவர் 7,100 சொற்கள் செலவழித்தார்.

தமிழ்நாட்டை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட முடியாது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்தச் சபையின் 1829ஆம் ஆண்டுச் சங்கம், நிறம், பிறப்பு பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று சரியாகவே முடிவு செய்தது. 1857இல் அதே சங்கம், சிலருடைய பலவீனத்தினிமித்தம், கறுப்பு விசுவாசிகளுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்தப் பலவீனம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது வேதம் படித்தவர்களுக்குத் தெரியும். பலமுள்ளவன் பலவீனனோடு உட்காரட்டும் என்று கடிதம் சொன்னதை எடுத்து, கறுப்பரோடு உட்கார மனமில்லாத வெள்ளையரைப் பலவீனர் என்று பெயரிட்டு, மற்றவர்களை வெளியே அனுப்பினார்கள். 1881இல் அது தனிச் சபையே ஆயிற்று. பின்னால் இனஒதுக்கல் அரசாங்கத்துக்கு வேதாகம நியாயம் தேடியவர்கள், அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் 13ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 1985இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம் அந்த வாசிப்பை நேரடியாக எதிர்த்தது. பிரித்துவைக்கப்பட்ட அந்தச் சபையிலிருந்தே 1986இல் பெல்ஹார் அறிக்கை பிறந்தது. மனிதரை இனவாரியாகப் பிரிப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று அது விசுவாச அறிக்கையாகச் சொன்னது.

இடையில் ஐரோப்பாவில் கடிதம் இன்னொரு முறை வெடித்தது. சுவிட்சர்லாந்தில் ஜாஃபன்வில் என்ற நெசவாலைக் கிராமத்தின் போதகர் கார்ல் பார்த். தொழிலாளர் சங்கத்துக்கு ஆதரவாகப் பேசி, சிவப்புப் போதகர் என்று பெயர் வாங்கியவர். 1914இல் ஜெர்மானியப் பேரரசரின் போரை ஆதரித்து 93 அறிவுஜீவிகள் விட்ட அறிக்கையில் தம் ஆசிரியர்களே கையொப்பமிட்டிருந்ததைக் கண்டு, அவர்கள் சொல்லிக்கொடுத்த இறையியலே அவருக்குக் கசந்தது. 1916 கோடையில் ஓர் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து ரோமர் நிருபத்தைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தார். 1919ஆம் ஆண்டிட்டு வந்த உரை ஆயிரம் பிரதிகள். 1922இல் அதையே கல்லின்மேல் கல்லில்லாமல் இடித்து வேறொன்று எழுதினார். தேசம், பண்பாடு, மதம் எதையும் தேவனோடு குழப்பிக்கொள்ளாதே என்பதுதான் அதன் குரல். 1934இல் ஹிட்லரின் சபைக் கட்டுப்பாட்டை எதிர்த்த பார்மன் அறிக்கையில் பெரும்பங்கு அவர் எழுதியது.

1963இல் சுவீடன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் ஒரு கட்டுரையில் இன்னொரு குறையைச் சுட்டினார். பவுலுக்கு லூத்தரைப் போல மனச்சாட்சி உறுத்தல் கிடையாது. யூதரும் புறஜாதியாரும் எப்படி ஒரே ஜனமாவது என்பதே அவருடைய கேள்வி என்றார். லூத்தரை இப்படித் தள்ளிவிடுவது எனக்கு ஏற்பில்லை. 7ஆம் அதிகாரத்தின் தவிப்பு இருக்கத்தான் செய்கிறது, தனிமனிதன் அங்கே தன் முகத்தைப் பார்ப்பதும் பிழையில்லை. ஆனால் 8ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவைத்த பழக்கத்தை ஸ்டெண்டால் கலைத்தது நல்லதுதான்.

1999 அக்டோபர் 31ஆம் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியால் அல்லாமல் கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால், தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும், 2017இல் சீர்திருத்தச் சபைகளும் இதில் இணைந்தன. ஐரோப்பாவையே பிளந்த சண்டை, காகிதத்தில் ஏறத்தாழத் தீர்ந்தது. திருவிருந்தில் மட்டும் இன்னும் சேர்ந்து உட்காருவதில்லை. அதற்குத் திருநிலைப்பாடு, திருச்சபை பற்றிய கொள்கை என்று வேறு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இறையியலில் அவை சின்னக் காரணங்கள் அல்ல. ரோமாபுரியில் காய்கறி சாப்பிட்டவர்களுக்கும் அவை சின்னக் காரணங்களாக இருந்ததில்லை.

2015 நவம்பர் 15 அன்று ரோமாபுரியிலுள்ள லூத்தரன் ஆலயத்துக்குப் போப் பிரான்சிஸ் வந்தார். கத்தோலிக்கரை மணந்த லூத்தரன் பெண் ஒருவர் எழுந்து, நானும் என் கணவரும் எப்போது சேர்ந்து நற்கருணை வாங்குவோம் என்று கேட்டார். பிரான்சிஸ் திணறினார். ஒரே ஞானஸ்நானம் என்கிறோமே என்றார், இறையியலாளர் கர்தினால் ஒருவர் முன்னால் இதைப் பேசுவது கடினம் என்று சிரிக்கவைத்தார், கடைசியில் ஆண்டவரோடு பேசி முன்னே செல்லுங்கள், அதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்று முடித்தார். போகும்போது அந்தச் சபைக்கு ஒரு திருவிருந்துக் கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட தம்பதிகள் ஜெர்மனியில் ஏராளம். 2018இல் அந்நாட்டு ஆயர் பேரவை அவர்களுக்காக ஒரு வழிகாட்டிக் குறிப்பைப் பெரும்பான்மை வாக்கில் ஏற்றது. ஏழு ஆயர்கள் ஒத்துக்கொள்ளாமல் ரோமாபுரிக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில், அந்தந்த மறைமாவட்டத்தில் அந்தந்த ஆயரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.